சித்தப்பா ஊற்றாத எண்ணெய்

பம்பாய் வடாலாவில் இன்று மோனோ ரயிலின் தூண்கள் நிற்கும் சாலைக்குச் சற்று உள்ளே, தகரக் கூரையின்கீழ் அப்பாவின் பட்டறை இருந்தது. அப்பா முதலாளி, அவருடைய தம்பியான சித்தப்பா வேலையாள். வேறு முதலாளியும் இல்லை, வேறு வேலையாளும் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பா முதலில் வந்து சேர்ந்தார். மீசை அரும்புமுன்னரே தம்பியையும் வரவழைத்துக்கொண்டார். பட்டறையில் அப்பாவின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. வீட்டில் அம்மாவின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஈரிடத்தும் மறுசொல் கூறும் உரிமை அற்றவர் சித்தப்பா ஒருவரே. அதனாலோ என்னவோ, கேலி பேசும் உரிமை முழுவதையும் அவரே வைத்துக்கொண்டார்.

வண்டிக்குப் புது எண்ணெயை அப்பாவின் கையால்தான் ஊற்ற வேண்டும் என்பது அங்கு எழுதாச் சட்டம். அடியில் படுத்துத் திருகுகளைக் கழற்றுவதும், பழைய எண்ணெயை வடிப்பதும், முகத்தில் அதை வாங்கிக்கொள்வதும் சித்தப்பாவின் பணிகள். எல்லாம் முடிந்தபின் அப்பா வருவார். கை கழுவுவார், திருநீறு பூசுவார், ஒரு துளியை விரல்நுனியில் தேய்த்து முகர்ந்து பார்ப்பார், பின்னர் ஊற்றுவார். அந்தக் கைராசியை நாடி மாஹிமிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வண்டிகள் வந்தன. வந்தவர்கள் அப்பாவின் கையைத்தான் கேட்டார்களேயொழிய அடியில் கிடந்தவரைக் கேட்டதில்லை.

அப்படி வந்தவற்றுள் ஒன்றுதான் அந்தப் பந்தயக் கார். கார் ஓட்டப் பந்தயங்களில் பித்துக்கொண்ட செல்வர் ஒருவர், நாங்கள் சேட் என்று அழைத்தவர், அதை அயல்நாட்டிலிருந்து தருவித்திருந்தார். பிற கார்களில் இரண்டு சக்கரங்கள் உழைக்க, இரண்டு சும்மா உருண்டு வரும். இதிலோ நான்கும் ஒருசேர இழுக்கும். சித்தப்பா இதை எங்கள் சாலில், அந்த ஒற்றையறை வரிசை வீடுகளில், குடியிருந்த அனைவருக்கும் விளக்கி முடித்திருந்தார். வடக்கே மலைநாட்டில் நடக்கவிருந்த பந்தயத்துக்குக் காருடன் சித்தப்பாவையும் அழைத்துச் செல்வதாகச் சேட் வாக்களித்திருந்தார். அதன்பொருட்டுச் சித்தப்பா கம்பளிச் சட்டை ஒன்று வாங்கி, பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, பம்பாயின் சித்திரை வெயிலில் அதை அணிந்துகொண்டு குழாயடியில் நீர் பிடிக்கப் போனார். அவர் வாழ்நாளில் தமக்கென்று விரும்பிய ஒன்றை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

அத்தகைய காருக்கு எண்ணெய் குடிக்கும் வாய்கள் பல. கியர் பெட்டிக்கு ஓர் எண்ணெய். பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் பல்சக்கர உறைக்கு வேறோர் எண்ணெய். இந்த உறையைப் பட்டறையில் கிரௌன் என்பார்கள். கியர் பெட்டிக்குரியதைக் கிரௌனில் விட்டால் அதனுள் இருக்கும் தட்டுகள் உரசிக் கருகும். கிரௌனுக்குரியதைக் கியர் பெட்டியில் விட்டால் அங்குள்ள பித்தளை வளையங்கள் அரிக்கப்படும். சேட் இரண்டையும் வெளிநாட்டிலிருந்தே வரவழைத்திருந்தார். டின்கள் ஒரே அளவு, ஒரே நீலம். எண்ணெய்களுக்கும் ஒரே கந்தக நாற்றம். மேலே பொறித்திருந்த எழுத்தில் மட்டுமே வேறுபாடு.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சோற்றுத் தூக்கோடு நான் போனபோது சித்தப்பாவின் கால்கள் மட்டும் காருக்கு வெளியே தெரிந்தன.

“ஏட்டி, என்ன குழம்பு?” என்று கார் கேட்டது.

சுண்டவற்றல் என்றேன்.

“மதினி கைய விட்டு அந்தச் சுண்டவத்தல் எறங்காதா? மலைக்குப் போயிட்டா ரொட்டிதாம். ஒரு மாசம் சுண்டவத்தலக் கண்ணால பாக்க மாட்டேன்.”

“சவம், மொதல்ல அந்தத் திருகக் கழட்டுல. அதுக்குள்ள மலையேறிட்டாரு” என்றார் அப்பா.

இரண்டு டின்களையும் சித்தப்பா முன்னரே எடுத்து, ஒன்றைக் காரின் முன்பக்கமும் மற்றொன்றைப் பின்சக்கரத்தின் அருகிலும் வைத்திருந்தார். எப்போதும் அப்படித்தான், எந்த எண்ணெய் எங்கே போக வேண்டுமோ அங்கேயே டின் இருக்கும். அவர் அடியில் படுத்திருந்த நேரத்தில் வெயில் திரும்பியது. சேட்டின் ஓட்டுநர், நல்ல மனிதர், எண்ணெய் சூடாகிவிடுமே என்று டின்களை நிழலுக்கு நகர்த்தினார்; அப்பா கைகழுவி வந்ததும் மரியாதையோடு திரும்பக் கொண்டுவந்து வைத்தார். முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக. நான் பழைய டயர் ஒன்றின்மேல் அமர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பா துளியைத் தேய்த்தார், முகர்ந்தார், தலையசைத்தார். புனலில் ஊற்றினார். கீழே குழாயைப் பிடித்திருந்த சித்தப்பா, “போதும்ணே, வழியுது” என்றார். பின்பக்கமும் அவ்வாறே முடிந்தது. கார் புறப்பட்டுப் போனது. சித்தப்பா சுண்டவற்றல் குழம்பை இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டார்.

அந்த வாரமே கார் திரும்பி வந்தது, வேறொரு வண்டியின் பின்னால் கயிற்றில் கட்டுண்டு. உப்பளச் சாலையில் ஓட்டிப் பழகியபோது திருப்பங்களில் பின்பக்கம் அதிர்ந்ததாம், பிறகு புகைந்ததாம். உடன் வந்த பொறியாளர் கிரௌனின் அடித்திருகைக் கழற்றிக் கருத்த எண்ணெயை ஒரு தட்டில் பிடித்துக் காட்டினார். பந்தயத்துக்குள் அதைச் செப்பனிட இயலாது என்றார்.

சேட் உரக்கப் பேசுபவர் அல்லர். எண்ணெய் ஊற்றியது யார் என்று மட்டும் இந்தியில் கேட்டார்.

அப்பா வாய் திறந்தார். அதற்குள் சித்தப்பா அவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

“மைனே டாலா, சேட்.”

நான்தான் ஊற்றினேன் என்றார். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார், பொறுமையில்லாமல் நானே ஊற்றினேன், டின்னைப் படிக்கவில்லை என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். ஓட்டுநர் ஏதோ சொல்ல வந்து, சித்தப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். பொய்யை எள்ளளவும் பொறாதவர் அவர். இப்போது மறுப்பார், இதோ மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்ல, அப்பாதான…” என்று நான் தொடங்கினேன்.

“வாய மூடு, ஏட்டி” என்றார் சித்தப்பா. அவர் என்னை அதட்டியது அதுவே முதல்முறை.

சேட் தீர்ப்புச் சொன்னார். பெரியவரின் கைமேல் தமக்கு இன்னும் நம்பிக்கை உண்டு. ஆனால் இந்தப் பையன் இருக்கும் பட்டறைக்குத் தாமும் வரமாட்டார், தம்மைச் சேர்ந்த ஒருவரும் வரமாட்டார்கள். அவரைச் சேர்ந்தவர்களால்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததை ஒப்பித்தேன்: சித்தப்பா பொய் சொல்லிவிட்டார், ஊற்றியது அப்பா, நான் கண்ணால் பார்த்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

“பாத்தத மனசோட வச்சுக்கோ. வெளிய ஒருத்தர்ட்டயும் மூச்சு விடக்கூடாது” என்றார். பிறகு கல்லே இல்லாத அரிசியை நெடுநேரம் பொறுக்கினார்.

அப்பாவின் காலம் முடிந்த பிறகே அம்மா வாய் திறந்தார். அந்நாளிலேயே நீரிழிவு அப்பாவின் கண்களை அரிக்கத் தொடங்கியிருந்தது. திருகைத் தடவிக் கண்டார். எண்ணெயை முகர்ந்து கண்டார். எழுத்தைக் காண அவருக்கு வழியில்லை. அப்பா அதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா தாமாக அறிந்தார். சித்தப்பாவும் தாமாக அறிந்து, டின்களை இடம் பார்த்து வைக்கத் தொடங்கினார். மூவருக்கும் தெரிந்த அதைப்பற்றி மூவரும் ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை. அண்ணனுக்குக் கண் தெரியவில்லை என்பதை அண்ணனிடமே சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அன்று சேட்டின் முன்னால் சித்தப்பா ஓட்டுநரைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அடுத்த கேள்வி, பெரியவர் ஏன் டின்னைப் படிக்கவில்லை என்பதாக இருந்திருக்கும்.

குஜராத்துப் பக்கம் லாரிக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருப்பதாகச் சித்தப்பா சொன்னார். புறப்படும் காலையில் அப்பாவின் கால்களில் விழுந்து எழுந்தார். அப்பா அவருடைய முகத்தை இரு கைகளாலும் பற்றி, நெற்றியிலிருந்து மோவாய்வரை மெல்லத் தடவினார். புருவத்தைத் தடவினார். அப்போதுதான் அரும்பு மாறி அடர்ந்திருந்த மீசையைத் தடவினார். குழந்தைக்குச் செய்வதுபோல் வளர்ந்த ஆளுக்குச் செய்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா உள்ளே போய்விட்டார்.

எனக்குச் சித்தப்பாவின்மேல் கோபம் ஆறவில்லை. பொய்யர் ஒருவரை வழியனுப்ப வேண்டியிருக்கிறதே என்று வாசற்படியில் ஒதுங்கி நின்றேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் குனிந்தார்.

“ஏட்டி, நாளையிலருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேரா பட்டறைக்குப் போ. அங்க இருக்க டின்னு ஒண்ணொண்ணயும் எடுத்துச் சத்தமா வாசி. அப்பா கேக்கலைன்னாலும் வாசி. என்ன?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என் தலையைத் தொட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஆயினும் போனேன். ஒவ்வொரு டின்னாகத் தூக்கிப் பிடித்து, ஆங்கிலப் பாடம் ஒப்பிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அப்பா வேலையை விட்டுவிட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, அசையாமல் கேட்டார்.

“இன்னொருக்க வாசி, தாயி.”

இன்னொரு முறை வாசித்தேன். பட்டறையில் வாசிப்பதற்கு அதிகம் இல்லை. ஆதலால் நாள்தோறும் அதையே வாசித்தேன், நாள்தோறும் அவர் அதையே திரும்பக் கேட்டார். வகுப்பில் வேறு எந்தத் தகப்பனுக்கும் மகளின் ஆங்கிலத்தின்மேல் இவ்வளவு ஆசை இருக்க முடியாது என்று பெருமை கொண்டேன். இந்த மகிழ்ச்சி சித்தப்பா போனதால் அல்லவா எனக்கு வாய்த்தது என்றும், அவர் திரும்பி வராவிட்டால் நல்லது என்றும் அப்போது நினைத்துக்கொண்டேன்.