நான்காவது தடவை தாயாருக்கு நிஜமாகவே முடியவில்லை

மனு அடித்துப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கும் தெரிந்திருக்கும்: இங்கிலீஷில் நம்மைப் பாடாய்ப் படுத்துவது பெரிய வார்த்தைகள் அல்ல, இரண்டு வாக்கியங்களை ஒட்டவைக்கும் சின்ன வார்த்தைகள்தான். அறுபத்து நாலில் ஒரு செவ்வாய்க்கிழமை, பம்பாய்த் தாராவியில் என் டைப் மெஷினைச் சுற்றி நான்கு பேர் இருந்தோம்: மில் தொழிலாளி அருளப்பன், அவர் மனைவி ஞானம்மா, தன் மனுவுக்காகக் காத்திருந்த மாட்டுங்கா குமாஸ்தா ராமநாதன், எட்டாம் வகுப்போடு நின்ற நான்.

மூன்று மனுக்கள்

அருளப்பன் கையில் மில் கொடுத்த மெமோ. லீவு முடிந்து பதினோரு நாள் கழித்து வந்திருக்கிறார். ஐந்து மணிக்குள் தகுந்த காரணம் எழுதித் தராவிட்டால் வேலை போய்விடும். லீவு வேண்டுமென்றால் ஊரிலிருந்து ‘தாயார் சீரியஸ்’ என்று தந்தி வரவழைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அந்தத் தந்தியோடு சேர்த்துக் கொடுக்கவென்றே பெயரை மட்டும் காலியாக விட்டு மனுக்களை அடித்து வைத்திருப்பேன். அருளப்பன் இந்த லீவுக்கு முன்பே மூன்று வாங்கியிருந்தார். என் நோட்டில் இருக்கிறது. ஞானம்மா கண்ணைத் துடைத்தாள்: “அண்ணாச்சி, இந்தத் தடவ எங்க அத்தைக்கு நெசமாவே முடியல.”

முன்பா, பிறகா?

லீவை நீட்டிக்கக் கேட்டு அருளப்பன் மில்லுக்குக் கொடுத்த தந்தி, லீவு முடிந்த நான்காம் நாள்தான் போயிருக்கிறது. லீவு முடியும் முன்பே கொடுத்ததாக ‘பிஃபோர்’ போடச் சொன்னார் ராமநாதன். தந்தியில் தேதி இருக்குமே! எனக்கு வாய்ப்பேச்சு வராது. ‘ஆஃப்டர்’ என்றே அடித்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்: “ஓய் அரிச்சந்திரரே, மனுவை முன்னாடியே அடிச்சு வச்சவர்தானே நீர்?”

ஆல்தோ

ரோஷத்தில் அடுத்த வரியையும் அடித்தேன். வழக்கப்படி, கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்டினேன்: ‘முந்தைய மூன்று தடவையும் தாயார் நலமாகவே இருந்தார் என்றாலும், இந்தத் தடவை உண்மையாகவே நோயுற்றார்.’ அந்த ‘என்றாலும்’தான் ‘ஆல்தோ’. வேண்டாமென்றால் வேறு தாள் போடுகிறேன் என்றேன். அருளப்பன் பேனாவை வாங்கினார்: “நல்லா இருந்தவள மூணு தடவ படுக்கப் போட்டேன். இப்பமாவது யாராவது நம்பணும்லா, அண்ணாச்சி.”

மறுநாள்

ஷிஃப்ட் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். கடைசி எச்சரிக்கையோடு வேலை தப்பியது. ஆனால் அதிகாரி அந்த மனுவை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு, லீவு கேட்டு வரும் எங்கள் ஆட்களுக்கெல்லாம் காட்டுகிறாராம். “அம்மா எப்படி இருக்கான்னு கேட்டாரு அண்ணாச்சி, மூணு தடவையும் கேக்காத மனுசன்!”

ஒரே ஒரு ‘ஆல்தோ’ ஒருவர் வேலையைக் காப்பாற்றிவிட்டது. என்னிடம் கேட்பாரில்லாமல் மிஞ்சிய ‘தாயார் சீரியஸ்’ மனுக்கள் பதினேழு.