அம்புக்குறிக்குள் வேலை பார்த்தவர்

என் கணவர் சக்கரபாணி முத்தாண்டிக்குப்பத்துக்காரர். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டு, 1957இல் நிலக்கரிச் சுரங்கத்தில் ஹெல்பராகச் சேர்ந்தார். அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் அங்கே மாற்றலாகி, டர்பைன் ஆபரேட்டராகப் பெர்மனென்ட் ஆனார். நான் அண்ணாமலை நகரில் பி.எஸ்சி. பௌதிகம் படித்தவள். எங்கள் குடியிருப்பு பிளாக்கில் உறைமோர் கேட்டு வந்தவர்கள்கூட இந்தக் கடைசிச் செய்தியைக் கேட்காமல் திரும்பியதில்லை.

ஷிப்ட் முடிந்து வந்தாலும் அவர் காதுக்குள் டர்பைன் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று. கொஞ்சம் பிசகினாலும் உள்ளங்காலில் தெரியும் என்பார். நிலக்கரியை எரித்து வெந்நீர் வைக்கிற உத்தியோகம் என்பது என் மதிப்பீடு.

1967இல், கடற்கரையோரம் வரப்போகிற அணுமின் நிலையத்துக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்தது. அணுவில் வேலை பார்ப்பவரின் மனைவி என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. நிலக்கரித் தூசியில் எனக்கு இழுப்பு வந்துகொண்டிருந்தது. கடற்காற்றில் சரியாகிவிடும் என்று அவருக்கும் அந்த வேலை மிகவும் வேண்டியிருந்தது. விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வாரம் பாடமும் நடத்தினேன்.

என் கல்லூரி நோட்டில் படம் இருந்தது. யுரேனிய அணுவில் நியூட்ரான் மோதும், அணு பிளக்கும், அதிலிருந்து கிளம்பும் நியூட்ரான்கள் மற்ற அணுக்களைப் பிளக்கும், வெப்பம் வரும். பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அம்பின் நுனியில் 'மின்சாரம்'.

"இந்த அம்பு இன்னா பண்ணுது?" என்றார்.

"வெப்பத்த மின்சாரமா மாத்துது."

"எத வச்சு மாத்துது?"

"அம்புன்னா அப்படித்தாங்க அர்த்தம்."

"தண்ணி எங்க காந்திமதி? சூடு சும்மா நின்னுகினு இருந்தா கரண்டு வந்துடுமா? தண்ணிய ஆவியாக்கணும். ஆவி பிளேடுல மோதி டர்பைனச் சுத்தணும். டர்பைன் ஜெனரேட்டரச் சுத்தணும். இங்க நிலக்கரி, அங்க யுரேனியம். அடுப்புதான வேற?"

"அணுவுல போய் அடுப்படிப் பேச்சா? மானம் போயிடும். ஆவின்னு வாயே திறக்கமாட்டேன்னு சொல்லுங்க."

"சரிங்க டீச்சர்," என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. அணுமின் நிலையத்திலும் வெப்பம் தண்ணீரைத்தான் ஆவியாக்குகிறது. ஆவிதான் டர்பைனைச் சுழற்றுகிறது. என் நோட்டில் ஓர் அங்குலம் இருந்த அம்புக்குறிக்குள்தான் அவர் தினம் எட்டு மணி நேரம் வேலை பார்த்தார். பட்டம் வாங்கியவளுக்கு அது தெரியவில்லை. இரண்டாம் வகுப்பில் தேறிய பட்டம் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், பிளாக்கில் சொன்னதில்லை.

இன்டர்வியூவுக்கு மெட்ராஸ் போய்விட்டு வந்து, "ஆளுங்க நெறைய வந்துட்டாங்க," என்றார். வேலை கிடைக்காததற்கு அவர் சொன்னது அவ்வளவுதான். நான் விடவில்லை. இரண்டு வருஷம், கரண்ட் போகும்போதெல்லாம், "என்னங்க, உங்க வெந்நீர் ஆறிப்போச்சா?" என்பேன். சிரித்துக்கொண்டே விளக்கை ஏற்றுவார்.

போன மாதம் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். காரியத்துக்கு வேணு வந்திருந்தார். அவரோடு அதே டர்பைனில் இருந்து, அதே இன்டர்வியூவுக்கு ஒன்றாகப் போய், தேர்வானவர். எல்லோரும் கலைந்த பிறகு தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அண்ணனுக்குக் கெடைச்சிருக்கணும் அண்ணி. நாலு நாலு பேரா உள்ள கூப்ட்டாங்க. யுரேனியம், நியூட்ரான்னு கடகடன்னு சொன்னாரு. சூட்டுலேர்ந்து கரண்டு எப்படி வருதுன்னு கேட்டாங்க. வந்துடும்னாரு. எப்படின்னு திரும்பக் கேட்டாங்க. பேசவே இல்ல. அடுத்து என்னைக் கேட்டாங்க. பாய்லர், ஆவி, டர்பைன்னு சொல்லிட்டேன்."

"நீங்க அவரக் கேக்கலையா?"

"திரும்பி வரப்ப பஸ்ல கேட்டேன். வூட்ல சொல்ல வேணாம்னுட்டாங்கன்னாரு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "அங்க சிரிச்சாங்களா?" என்றேன்.

"அப்ப சிரிக்கல அண்ணி. இப்ப இன்னா வேல பாக்கறீங்கன்னு கேட்டாங்க. டர்பைன் ஆபரேட்டர்னாரு. அப்பதான் சிரிச்சாங்க. அண்ணனும் கூடச் சிரிச்சாருங்க."