காற்றில் தொங்கிய சென்சார்

"ஏனுங்க்கா, இன்னொரு மேட் வேணுமுங்க. இருக்கறதுலயே பெருசா குடுங்க. பாம்பு குளிர்ல வெறச்சுப்போயிக் கெடக்குது."

மார்கழி மாதம், மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் சிவசாமி போன் செய்தார். துடியலூர்க்காரர், கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி நடத்துகிறவர். நான் ஒரு ஹீட்டர் கம்பெனியில் முட்டை பொரிக்கும் இன்குபேட்டருக்குச் சூடேற்றும் கம்பிக் காயில் சுற்றியே தலை நரைத்தவள். ரிட்டயரான பிறகு, வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களுக்குக் கண்ணாடித் தொட்டியின் அடியில் ஒட்டுகிற ஹீட் மேட் செய்து கொடுக்கிறேன். பாம்பென்றால் எனக்கு இன்றைக்கும் குலை நடுங்கும். வெளியே சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும் என்பதால் சொல்வதில்லை.

அந்தப் பாம்பு அவர் மகள் திவ்யாவுடையது. பால் பைதான் என்கிற, பந்துபோலச் சுருண்டுகொள்ளும் வெளிநாட்டு மலைப்பாம்பு இனம். அரசுப் பதிவெல்லாம் முறையாகச் செய்து வளர்த்தாள். நிறத்தைப் பார்த்துக் கருப்பட்டி என்று பெயர் வைத்திருந்தாள். அது வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு பாதியாகிவிட்டது. "அதைத் தொடறதுக்கு நான் ஆளில்லை" என்று சொல்லி அந்த அறைப் பக்கமே அவர் போகமாட்டார். தோழி கல்யாணத்துக்கு வால்பாறைக்குப் போனவள், வேறு வழியில்லாமல் அவரை நம்பி விட்டுப் போயிருந்தாள்.

பெரிய மேட்டோடு போய்ச் சேர்ந்தேன். மேட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் டிஸ்பிளேயில் இருபத்து நாலு டிகிரி காட்டியது. செட்டிங் முப்பத்திரண்டு.

"அவ போனதும் தெர்மோஸ்டாட் போயிருச்சுங்க்கா. வால்பாறைக்கு டவரும் கெடைக்கல. நம்ம ஹேச்சரி ஸ்பேரை எடுத்தாந்து நானே மாட்டிப்போட்டேன். சூடு கீழ போகாம இருக்கட்டும்னு மேட்டுக்கடியில தெர்மாகோல் வெச்சேன். அப்படியும் ஏற மாட்டேங்குது. இது செத்துச்சுன்னா, புடிக்காம நாந்தான் கொன்னுபோட்டேன்னு நெனப்பாளுங்க எம்புள்ள."

தொட்டியின் ஒரு ஓரத்தில் கவிழ்த்து வைத்த மண்சட்டிக்குள் பாம்பு சுருண்டிருந்தது. வால் நுனி மட்டும் தெரிந்தது. என் கண் சூட்டை அளக்கும் சென்சார் வயருக்குப் போனது. மேல்மூடியிலிருந்து இறங்கி, தொட்டியின் நடுவே காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்குபேட்டரில் அப்படித்தான் தொங்கவிடுவோம். அங்கே ஃபேன் காற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கும். காற்றின் சூடுதான் முட்டைக்கும். பாம்புத் தொட்டியில் மேட் சூடேற்றுவது அடிக் கண்ணாடியை. காற்றில் ஏறுகிற கொஞ்சநஞ்சச் சூடும் மூடியின் வலை வழியே போய்விடும். காற்று முப்பத்திரண்டைத் தொடாதவரை தெர்மோஸ்டாட் மேட்டை நிறுத்தாது. சட்டி இருந்ததோ மேட்டுக்கு நேர் மேலே. குனிந்தேன். மேட்டை ஒட்டிய பிசின் கருகுகிற வாடை அடித்தது. கண்ணாடியின் அடியில் விரல் வைக்க முடியவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். அவர் பதறி அதை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தார்.

"ஆஃப் பண்ணாதீங்க்கா, செத்துப்போயிருமுங்க."

"அது குளிர்ல கெடக்கலைங்க, வெந்துட்டுக் கெடக்குது. அடியில தொட்டுப் பாருங்க."

தொட்டார். கையை உதறிக்கொண்டார். அடுத்த கணம் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினார்.

"பச்சத்தண்ணி ஊத்தாதீங்க. சுட்ட கண்ணாடி வெடிச்சுப்போகும்."

தெர்மாகோல் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. ஆறட்டும் என்று காத்திருக்க முடியாது. பாம்பை வெளியே எடுத்தாக வேண்டும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"நீங்க எடுத்துருங்க்கா."

"எனக்குப் பயமுங்க."

ஒரு கஸ்டமரிடம் நான் அதைச் சொன்னது அன்றைக்குத்தான்.

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். சட்டியை நகர்த்தி, கண்ணை இறுக்கி மூடி, இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினார். பாம்பு அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. ஆனாலும் அவர் விடவில்லை. அதன் வயிற்றுச் செதில்கள் சிவந்து, ஓரிடத்தில் வேப்பங்கொட்டை அளவுக்குக் கொப்புளம் கட்டியிருந்தது.

"குஞ்சுகன்னா கத்தற சத்தத்துலயே குளிரா சூடான்னு சொல்லிப்போடுவேன். இது வாயே தொறக்கலையேங்க்கா" என்றார்.

பாம்பு வாய் திறக்காது. ஆட்கள் எட்டி எட்டிப் பார்க்கும்போது, ஒளிந்த இடத்தை விட்டு வெளியேயும் வராது. அடிவயிறு வெந்தாலும் அங்கேயே கிடக்கும்.

தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டோம். காந்திபுரத்துக்கு அந்தப் பக்கம் பாம்புக்குப் பார்க்கிற ஒரு கால்நடை டாக்டர் இருந்தார். சிவசாமி கார் ஓட்டினார். உறை என் மடியில் நெளிந்தது. கும்பிடாத சாமி பாக்கியில்லை. பாதி வழியில் அவர் போன் அடித்தது. திவ்யாதான். ஓட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார்.

"இப்பத்தான் டவர் கெடச்சுதுங்கப்பா. கருப்பட்டி எப்படி இருக்கு?"

பழைய தெர்மோஸ்டாட் தலையில் பழியைப் போட்டிருக்கலாம். அது போனதும் உண்மைதானே. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவர் காரை ஓரங்கட்டினார்.

"நாந்தான் கண்ணு சுட்டுப்போட்டேன். சென்சாரைக் காத்துல தொங்கவிட்டுட்டேன். வயித்துல கொப்புளம். டாக்டர்கிட்ட போயிட்டிருக்கோம்."

வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏதாச்சும் பேசு கண்ணு. திட்டவாவது செய்யி."

"தொட்டியிலிருந்து யாருப்பா எடுத்தா?"

"நாந்தான்."

"கையிலயா?"

"கையிலதான் கண்ணு."

அவள் அழுதது கேட்டது. "நான் வாரேன்பா" என்று மட்டும் சொன்னாள்.

புண் ஆறுவதற்குள் கருப்பட்டி சில தடவை சட்டை உரித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

மேட் கேட்டு வருகிறவர்களுக்கு அன்றிலிருந்து சொல்லிவருகிறேன். மேட் தொட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தொட்டிக்குக் கால் வைத்து அடியில் காற்றோட விடுங்கள். சென்சாரை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒட்டுங்கள். சட்டிக்கடியில் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். சூடில்லாத பக்கத்திலும் ஒளிய ஒரு சட்டி இருக்கட்டும். இத்தனையும் செய்துவிட்டு, தினமும் கையால் தொட்டுப் பாருங்கள். கத்தத் தெரியாத உயிருக்கு நம் கைதான் காவல்.

சிவசாமி தினமும் ஹேச்சரிக்குக் கிளம்புமுன் அந்த அறைக்குப் போகிறாராம். முதலில் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கிறார், பிறகு கருப்பட்டியை.