மயிலுக்குத் தலை வந்த கதை

பட்டுச்சேலை டிசைன் சென்டரில் வேலை என்றால் கம்ப்யூட்டரில் பூ வரைவது என்று நினைத்துத்தான் நான் ஆரணியில் வேலைக்குச் சேர்ந்தேன். சாஃப்ட்வேர்களுக்குள் பஞ்சாயத்து பண்ணுவதும் அதில் சேர்த்தி என்று யாரும் சொல்லவில்லை. லினக்ஸ் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களே, உங்களுக்குப் புரியும்.

புதுப் பெட்டி

முதலாளி லினக்ஸ் போட்ட புது அறுபத்துநான்கு பிட் கம்ப்யூட்டர் வாங்கினார். டிசைனைத் தறிக்கான அட்டையில் ஓட்டைகளாகப் போடும் மிஷினை ஓட்டும் சாஃப்ட்வேரோ பழைய முப்பத்திரண்டு பிட். அது ஓட அதே ரகத்தில் லைப்ரரி என்கிற ஒரு துணை சாஃப்ட்வேர் வேண்டும். பழைய சிடியிலிருந்து போட்டால், ‘ஏற்கெனவே இருப்பதோடு மோதுகிறது’ என்று மறுத்துவிட்டது.

நெசவாளர் ஏகாம்பரம் அண்ணன் தன் மகளின் முகூர்த்தச் சேலைக்குப் பாவு ஏற்றிவிட்டு, மயில் பார்டருக்கான அட்டைக்காகக் காத்திருந்தார். கல்யாணம் நெருங்கிவிட்டது. முதலாளியிடம் நிலைமையைச் சொன்னேன்.

“ரெண்டும் ஒரே பொட்டியிலதான கீது, அட்ஜஸ்ட் பண்ணிகினு இருக்கச் சொல்லும்மா.”

எடுத்துப் போட்டேன்

இடம் பிடித்திருந்த அறுபத்துநான்கு பிட் லைப்ரரியை நீக்கும்படி கம்ப்யூட்டரிடம் சொன்னேன். அதை நம்பியிருக்கும் மற்றதும் போகும், சரியா என்று கேட்டது. வேலைக்குக் கூடவே தூக்கி வந்திருந்த என் குழந்தை மடியில் நெளிந்துகொண்டிருந்தாள். சரி என்று தட்டினேன். மறுபடி ஆன் செய்தபோது படம், பட்டன் எதுவும் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும்.

ஏகாம்பரம் அண்ணன் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “நல்லாத்தாம்மா கீது, ஆனா முகூர்த்தத்துக்குக் கறுப்பு வேணாம்.”

வேலூர் யோசனை

எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினேன். பெட்டி விற்ற வேலூர்க்காரர், “மோதினா மோதட்டும், ஃபோர்ஸ் பண்ணிப் போடுங்க” என்று போனில் சொன்னார். போட்டேன். சாஃப்ட்வேர் திறந்தது, மிஷினும் ஓடியது, பாதியில் நின்றது. சென்டரில் அட்டை கோக்கும் ஷகிலா, வந்தவற்றை அடுக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, மயிலு கழுத்தோட நிக்குது. தலைய வேலூர்லேர்ந்து அனுப்புவாங்களா?”

ஒரே தொட்டி

மறுநாள் ஏகாம்பரம் அண்ணன் குறுக்கே ஓடும் ஊடைக்கான அரக்கு நிற நூலோடு நேராகச் சாயப்பட்டறையிலிருந்து வந்தார். “மொத்தத்தையும் ஒரே தொட்டியில முக்கச் சொன்னேன்” என்றார். இரண்டு தொட்டி நூல் கலந்தால் சேலையில் கோடு விழும். ஆரணியில் அது எல்லோருக்கும் தெரியும். என் கம்ப்யூட்டரில் அறுபத்துநான்கு பிட் லைப்ரரி நெட்டிலிருந்து வந்த புதுசு, முப்பத்திரண்டு பிட் லைப்ரரி சிடியிலிருந்த பழசு. கோடு விழாமல் என்ன செய்யும்?

ஃபோர்ஸ் பண்ணியதை நீக்கினேன். இரண்டு ரகத்தையும் நெட்டில் ஒரே இடத்திலிருந்து, ஒரே வெர்ஷனாக, ஒரே கட்டளையில் போட்டேன். ஒரு முணுமுணுப்பும் இல்லை. மயில் கொண்டையோடு வந்தது. “அண்ணா, ஜல்தியா எடுத்துப்போய் நாளைக்கே தறியில உக்காருங்க” என்று அட்டைகளைக் கையில் கொடுத்தேன்.

“நாளைக்கு அமாவாசைம்மா, தறியில உக்கார மாட்டோம்.”

ஆனாலும் சேலை முடிந்தது. போளூர் கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் பார்டரில் ஒவ்வொரு மயிலுக்கும் தலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தேன்.