பாய்லர் அத்தானின் புகையில்லாத நெருப்பு

என் அக்கா கணவருக்கு எங்கள் தெருவில் ‘பாய்லர்’ என்று பெயர். வேலைக்காலம் முழுக்கத் துணி ஆலையில் பாய்லர் பார்த்தவர். அவர் ஓய்வு பெற்றார். அவர் கை பெறவில்லை. பொழுது சாய்ந்தால் தோட்டத்துச் சருகைக் குவிப்பார். அதன் மேல் அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பை, அறுந்த செருப்பு என்று கிடைத்ததையெல்லாம் போட்டுக் கொளுத்திவிட்டு, எதிரே நாற்காலி போட்டு ரசிப்பார். பக்கத்து வீட்டில் நான் ஜன்னலை அடைத்துக்கொண்டு, புகை நாறும் துவைத்த சட்டையோடு வயிற்றெரிச்சலில் உட்கார்ந்திருப்பேன். போய்ச் சொன்னால், இதெல்லாம் ஒரு நெருப்பா மச்சான் என்பார்.

அவரைக் கேட்க வைத்தவள் அவர் மகள்தான். போன தடவை வந்தபோது அவளுடைய சின்னப் பையனுக்கு அந்தப் புகையில் மூச்சிழுப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்.

“எரிக்கிறதை நிறுத்துங்கப்பா. அதுவரைக்கும் பேரனை போன்ல பாத்துக்கங்க.”

கோபத்தில் சொல்கிறாள், தானாகச் சரியாகிவிடும் என்று அத்தான் இருந்துவிட்டார். கோடை விடுமுறை வந்தது, போனது, அவள் வரவில்லை. ஒருநாள் தீப்பெட்டியை அக்காவிடம் ஒப்படைத்தார். பேரனைப் பார்க்காமல் மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. என் சட்டைகள் மணந்ததையும் மறைக்கக் கூடாது.

எரிக்காத சருகு மூலையில் மலையாகக் குவிந்தது. அக்கா காய்கறித் தோலையும் அதிலேயே கொட்டினாள். ஒரு காலையில் அதைக் கிளறப் போனவர், கையை உதறிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். குவியலுக்குள் நல்ல சூடு. மட்கும் குப்பை தானாகவே சூடேறும் என்பது இத்தனை நாள் நெருப்போடு வாழ்ந்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன்பின் எழுந்ததும் அதற்குள் கையை விட்டுப் பார்ப்பதுதான் அவருக்கு முதல் வேலை.

அதோடு விட்டாரா? புதிதாகத் திருந்தியவர்களின் தொல்லை தாங்க முடியாது. முனைக் கடைக்கு நான் பைக்கை எடுத்தால், கால் எதற்கு இருக்கிறது என்று குறுக்கே வந்து நிற்பார்.

அக்கா பேசிப் பேசி, குளிரான ஒரு காலையில் மகளின் வாடகைக் கார் வந்து நின்றது. அத்தான் இஸ்திரி போட்ட சட்டையோடு குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தார். கிளறிய இடத்திலிருந்து ஆவி வெள்ளையாக எழுந்தது. அதைப் பார்த்த மகள், பாதி திறந்த கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அத்தான் ஓடினார்.

“புகை இல்லம்மா, வெறும் நீராவி. வேணும்னா தொட்டுப் பாரு.”

முழங்கை வரை குப்பை அப்பிய கையை நீட்டினார். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவரைப் போலத்தான் இருந்தார். நானும் சாட்சி சொன்னேன், யார் கேட்டார்கள்? அவள் வண்டியைத் திருப்பச் சொல்வது கண்ணாடி வழியே தெரிந்தது.

அப்போதுதான் அத்தானின் பார்வை காரின் பின்னால் வந்துகொண்டிருந்த புகையின் பக்கம் போனது. மகளை விட்டுவிட்டு நேரே டிரைவர் பக்கம் போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

“நிக்கிற வண்டியில இன்ஜின் எதுக்குப்பா ஓடுது? ஆஃப் பண்ணுங்க. அந்தப் பக்கம் வீட்டுல ஜன்னல் திறந்திருக்கு, அந்த வீட்டுல குழந்தை வேற இருக்கு.”

டிரைவர் அணைத்தார். மகள் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். மூலையில் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்த குவியலையும் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து பையனை இறக்கிவிட்டாள். அத்தான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினார்.

“முதல்ல கையைக் கழுவிட்டு வாங்கப்பா” என்றாள்.