ஓர் அங்கி, இரண்டு வாசல்

அந்தப் பாதையில் இருந்த ஏழு ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் அவளுடைய குரல் தெரியும். முகம் ஒருவருக்கும் தெரியாது. ரயில் கட்டுப்பாட்டு அறை மூன்றாவது மாடியில் இருந்தது. தனிப் படிக்கட்டு, எப்போதும் சாத்திய கதவு. உள்ளே ஒரு தொலைபேசி, மேஜை அகலத்துக்கு விரித்த கட்டம் போட்ட தாள். தாளின் இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஏழு ஸ்டேஷன்கள், குறுக்கே மணிக்கணக்கு. ஒவ்வொரு ரயிலும் அதில் ஒரு சாய்ந்த கோடு. பயணிகள் வண்டிக்கு நீலப் பென்சில், சரக்கு வண்டிக்குப் பச்சை. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிரெதிரே வரும் இரண்டு கோடுகள் ஏதாவது ஒரு ஸ்டேஷனில்தான் சந்திக்கலாம். ‘செக்‌ஷன்’ எனப்படும் நடுவழியில் சந்தித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பத்தொன்பது வருடமாக அவள் சந்திக்க விட்டதில்லை. அதற்காக யாரும் அவளைப் பாராட்டியதும் இல்லை. நடக்காத விபத்துக்கு எந்த ஊரில் கை தட்டுகிறார்கள்?

தொலைபேசியில் எல்லாரும் அவளை ‘கன்ட்ரோல்’ என்றே கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

கன்ட்ரோலின் கணவர் டிக்கெட் பரிசோதகர். வேறு பாதையில் பல வருடம் ஓடிவிட்டு அந்த வருடம்தான் இந்தப் பக்கம் மாற்றலாகி வந்தார். வந்த கையோடு ரயில்வே மன்றத்து நாடகக் குழுவில் சேர்ந்துகொண்டார். நாள் முழுக்க ஆளாளுக்குச் சொல்லும் சாக்கைக் கேட்கிற மனிதருக்கு, தான் பேசி நாலு பேர் கேட்க வேண்டும் என்ற ஆசை வருவது நியாயம்தான்.

குழு எடுத்திருந்தது நானூறு வருடப் பழைய நகைச்சுவை நாடகம். அதில் ஒரு பணக்காரக் கிழவர். அவருடைய மகள், பிடிக்காத கல்யாணத்துக்குப் பயந்து துறவி வேடம் போட்டு வீட்டை விட்டு ஓடுகிறாள். அவளைத் தேடிக் காதலன் அனுப்பும் வேலைக்காரனும் துறவி வேடம் போடுகிறான். மகள் எங்கே போனாள் என்று மோப்பம் பிடிக்கக் கிழவரும் அதே வேடம் போடுகிறார். ஊரார் மூன்று பேரையும் ஒரே துறவி என்று நம்பி, மனதில் உள்ளதையெல்லாம் ஆள் மாற்றி ஆளிடம் கொட்டுகிறார்கள். இந்தக் கூத்தில் ஒரே ஒரு நிபந்தனை: கடைசிக் காட்சி வரை இரண்டு துறவிகள் ஒரே நேரத்தில் மேடையில் நிற்கக் கூடாது. நின்றால் குட்டு உடைந்துபோகும், நாடகம் பாதியிலேயே படுத்துவிடும்.

ஒத்திகையில் அது தினமும் படுத்தது. இடது வாசல் வழியாக வர வேண்டியவர் வலது வாசலில் முட்டிக்கொண்டார். ஆள் பற்றாக்குறையில் இரட்டை வேடம் போட்டு, வேலைக்காரனாக மேடையில் நிற்கும் ஆளை நடுவே சிப்பாயாக வரச்சொல்லிப் பிரதி கேட்டது. நாடகத்தை நடத்திக்கொண்டிருந்த சரக்குக் கிடங்கு குமாஸ்தாவை எல்லாரும் ‘வாத்தியார்’ என்பார்கள். அவர், வரும் சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் போன வருடத்துத் துண்டு நாடகத்தையே போட்டுவிடலாம் என்று கையை விரித்தார்.

டிக்கெட் பரிசோதகர் பிரதியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இதப் பாரேன். யார் எப்ப வர்றாங்க, எப்ப போறாங்கன்னு எனக்குத் தலைகால் புரியல.”

“உங்க ஆளுங்க நடிக்கிறதுக்கு நான் என்னங்க பண்றது?”

“நடிப்ப விடு. வண்டியா நினைச்சுக்கோ.”

அவள் வண்டியாக நினைத்தாள். ஆபீசில் மிஞ்சிய கட்டத்தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். மேலே இடது வாசல், நடுவில் மேடை, கீழே வலது வாசல். குறுக்கே பக்க எண்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நிறம். வேடம் போட்டிருக்கும் நேரத்தில் கோடு புள்ளிக்கோடாகும். முதல் நாள் நாடகத்தைப் படிக்கவே இல்லை, வரவையும் போக்கையும் மட்டும் குறித்தாள். இரண்டாம் நாள்தான் வசனம் கண்ணில் பட்டது. கிழவர், தன் மகளைப் பற்றி மகளிடமே புலம்பும் இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

கோடுகள் ஒரு விஷயத்தைப் பளிச்சென்று காட்டின. குழுவிடம் இருந்தது தலையையும் மூடுகிற ஒரே ஒரு கறுப்பு அங்கி. அதைக் குறை என்று எல்லாரும் அலுத்துக்கொண்டிருந்தார்கள். கன்ட்ரோலுக்கு அதுதான் வரமாகத் தெரிந்தது. ஒற்றைத் தண்டவாளத்தில், அடுத்த ஸ்டேஷனுக்குப் போகும் உரிமைக்கு, அதாவது லைன் கிளியருக்கு, அடையாளமாக டிரைவரிடம் ஒரு டோக்கனைக் கொடுப்பார்கள். இருப்பது ஒன்றுதான், அது கைக்கு வராமல் வண்டி நகராது. இங்கே அங்கிதான் டோக்கன். அங்கி கைக்கு வராதவர் வாசலைத் தாண்டக் கூடாது. அங்கியை வாசலுக்கு வாசல் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் இருந்தால் போதும், இரண்டு துறவிகள் ஒருநாளும் மோதிக்கொள்ள மாட்டார்கள்.

மறுநாள் மாலை தாளைச் சுருட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போனாள். வாசற்படியில் கால் வைக்கும்போதே உள்ளே ஒரு வெண்கலக் குரல் கேட்டது. வேலைக்காரன் வேடம் போடும் மூன்றாம் ஸ்டேஷன் மாஸ்டர் அவர். குரலை வைத்து ‘வெண்கலம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு யாரையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

“‘நான் சொன்ன பிறகு கேள்வி எதுக்கு?’ அவ்வளவுதான், டொக்குன்னு வச்சுடும். எங்க கன்ட்ரோல் பொம்பளையே இல்லப்பா, இயந்திரம். அது புருஷன் சோத்துக்குக்கூட லைன் கிளியர் வாங்கணும்போல.”

எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். டிக்கெட் பரிசோதகர் மட்டும் பாதி டீயை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினார். கன்ட்ரோலுக்கும் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே சுருக்கென்று வலித்தது. பத்தொன்பது வருடமாக ஏழு பேருடன் பேசியிருக்கிறாள், ஒருவருக்கும் அவளைப் பிடிக்கவில்லை.

வாத்தியார் எழுந்து வந்தார். “வாங்கம்மா! சார் சம்சாரம்தானே?”

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டி, “தொண்டை கட்டிக்கிச்சு” என்று காற்றாகச் சொன்னாள்.

அவ்வளவுதான், நாடகத்தில் இல்லாத நாலாவது வேடம் ஒன்று அன்றைக்கு ஆரம்பமாயிற்று.

சனிக்கிழமை ஒத்திகை ஒரு முட்டல் மோதல் இல்லாமல் முடிந்தது. வாத்தியார் தாளைச் சுவரில் ஒட்டி அதன் முன் அரை மணி நேரம் நின்றார். அதன்பின் ஐந்து வாரம், காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை அவள் கன்ட்ரோல். ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை எல்லாருக்கும் அண்ணி. பின்திரைக்குப் பின்னால் அங்கியும் கையுமாக ஓடினாள். கிசுகிசுத்தாள், கையால் ஜாடை காட்டினாள், யாராவது உளறினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை பேர் தன்னைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவது அவளுக்குப் புதிது. அதை இழக்க அவளுக்குத் துளியும் மனம் இல்லை.

எல்லாரையும்விட அன்பாக இருந்தது வெண்கலம்தான். தினமும் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்தார்.

“நீங்க பேசவே வேணாம் அண்ணி, ஜாடை போதும். ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன். அஞ்சு வாரமாவா தொண்டை கட்டும்?”

காலையில் இதே மனிதர், “மூணாம் ஸ்டேஷன். சரி.” என்று கடுகடுத்துத் தொலைபேசியை வைத்திருப்பார். மாலையில் அவர் நீட்டும் வெந்நீரைக் குடிக்கும்போது அவளுக்குத் திருடியதைக் குடிப்பது போலிருக்கும். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வரும். சொன்னால் அவர் முகம் இறுகிவிடும், அண்ணி போய் அதிகாரி அம்மா ஆகிவிடுவாள் என்று விழுங்கிவிடுவாள்.

வீட்டில் கணவர், “எத்தனை நாளைக்கு இப்படி ஊமை நாடகம்?” என்பார்.

“நாடகம் முடியிற வரைக்கும்ங்க. அப்புறம் யாரு என்னைத் தேடப்போறாங்க?”

நாடகம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மன்றத்துக் கூடம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் மேலதிகாரிகள், இரண்டாம் வரிசையில் மற்ற ஸ்டேஷன் மாஸ்டர்கள் குடும்பத்தோடு. இடது வாசல் மறைவில் கன்ட்ரோல் அங்கியோடு நின்றாள். முதல் இரண்டு அங்கமும் வழுக்கிக்கொண்டு ஓடின.

மூன்றாம் அங்கம். கிழவர் வேடத்தில் அவள் கணவர் அங்கியைப் போட்டுக்கொண்டு மேடைக்குப் போனார். ஐந்து நிமிடம் பேசிவிட்டு இடது வாசலால் வெளியே வர வேண்டும். அங்கியைக் கழற்றி அவளிடம் கொடுப்பார். அவள் பின்னால் ஓடி வலது வாசலில் நிற்கும் வெண்கலத்திடம் கொடுப்பாள். ஆனால் கூட்டம் வாய்விட்டுச் சிரிக்க, டிக்கெட் பரிசோதகர் தலைக்கனம் ஏறி, எழுதாத வசனத்தையெல்லாம் எடுத்து விட்டுக்கொண்டிருந்தார். பரவாயில்லை, அங்கி வராமல் வெண்கலம் நகர மாட்டார் என்று அவள் எதிர்வாசலை நிமிர்ந்து பார்த்தாள்.

வெண்கலம் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நின்றார்.

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு புரிந்தது. அண்ணி எத்தனை தடவைதான் ஓடுவாள் பாவம் என்று மனிதர் சொந்தச் செலவில் இரண்டாவது அங்கி தைத்து வைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லாமல், அவளை அசத்துவதற்காக! ஸ்டேஷன் மாஸ்டருக்கு டோக்கன் கையில் இருந்தால் சந்தேகம் எதற்கு? ஐந்து நிமிடமும் ஆகிவிட்டது, அங்கியும் இருக்கிறது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் காலைத் தூக்கினார்.

அவள் கையை ஆட்டினாள். முக்காட்டுக்குள் இருந்தவருக்குத் தெரியவில்லை. கிசுகிசுத்தால் மேடையைத் தாண்டிப் போகாது. கத்தினால் கேட்கும், கத்தினால் எல்லாம் முடிந்தது. ஐந்து வாரச் சிரிப்பும் அதோடு போய்விடும். அவள் கத்தினாள்.

“மூணாம் ஸ்டேஷன், நிறுத்துங்க! செக்‌ஷன்ல வண்டி இருக்கு!”

வெண்கலத்தின் கால் அந்தரத்தில் நின்றது. இரண்டாம் வரிசையில் இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் விருட்டென்று எழுந்தே விட்டார்கள். ஒருவருடைய கை இல்லாத தொலைபேசியைத் தேடியது. “ஐயோ, கன்ட்ரோல்!” என்று யாரோ அலறினார்கள்.

மேடையில் டிக்கெட் பரிசோதகர் அசரவில்லை. துறவியின் முக்காட்டோடு கூடத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

“மேலிடத்து உத்தரவு. இந்தக் குரலுக்கு நிக்காதவன் யாரு? நானே இருபது வருஷமா நின்னுகிட்டுத்தான் இருக்கேன்.”

கூடம் இடிந்து விழாத குறை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். கன்ட்ரோல் கையை உயர்த்தினாள். இப்போது வெண்கலம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் “போகலாம்” என்று தலையாட்டிய பிறகுதான் காலைக் கீழே வைத்தார்.

திரை விழுந்ததும் அங்கியைக் கையில் போட்டுக்கொண்டு வெண்கலம் வந்தார். அவள் மூலையில் தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“தொண்டை எப்ப சரியாச்சு?” என்றார்.

“கட்டவே இல்ல.”

“அப்ப, அன்னிக்கு நான் பேசினது...”

“கேட்டேன். சோத்துக்கு லைன் கிளியர் வரைக்கும்.”

வெண்கலம் அங்கியை எடுத்துத் தலையோடு மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது. “அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா வெந்நீர் கொண்டுவந்திருப்பீங்களா?”

அவர் முக்காட்டை விலக்கினார். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன்.

“மாட்டேன்” என்றார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் அங்கியை நாலாக மடித்தார், பிரித்து மறுபடியும் மடித்தார், போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை. எப்போதும் போல மூன்றாவது மாடி, சாத்திய கதவு, புதுத் தாள். ஏழு ஸ்டேஷனுக்கும் ஒரே கம்பி, யார் பேசினாலும் எல்லார் காதிலும் விழும். ஏழரை மணிக்கு மணி அடித்தது.

“கன்ட்ரோல், மூணாம் ஸ்டேஷன். சரக்கு வண்டி ரெடி. விடலாமா?”

அவள் நீலக் கோட்டைப் பார்த்தாள். “விடாதீங்க. எதிர்ல பயணிகள் வண்டி வருது, அது உள்ள வரட்டும்.”

வழக்கமாக இந்த இடத்தில் “சரி” என்ற ஒரு சொல்லும், டொக்கென்று வைக்கும் சத்தமும் வரும். அவள் அதற்குத் தயாராகப் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். டொக் சத்தம் வரவில்லை.

“அண்ணி, டிரைவர் விடிஞ்சதுலேர்ந்து உக்காந்திருக்காரு. பயணிகள் வண்டிய அடுத்த ஸ்டேஷன்லயே ஒரு பத்து நிமிஷம் நிறுத்தி வச்சா...”

“முடியாது.”

“எட்டு?”

“முடியாதுன்னேன்ல.”

“அவரு பாவம் அண்ணி. நானும் பாவம்.”

“மூணு, எனக்கும் சேர்த்துக் கேளுப்பா” என்று நடுவில் ஐந்தாம் ஸ்டேஷன் புகுந்தது. கன்ட்ரோல் வாயைப் பொத்தினாள். பொத்தியும் சிரிப்பு கம்பியில் போய்விட்டது.

பத்தொன்பது வருடத்தில் அவளிடம் முதல் தடவையாக ஒருவர் பேரம் பேசினார். அது அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லி முடியாது. ஆனாலும் எட்டு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. சரக்கு வண்டி இருபத்திரண்டு நிமிடம் நின்றுவிட்டுத்தான் புறப்பட்டது.