தண்ணீர்த் தொட்டி மேல் இரண்டு குழாய்

அறுபதுகளின் நடுவில் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்டாக இருந்தேன். மாலையில் தாதரில் ரேடியோ ரிப்பேர் வகுப்பு. பாதிப் பாடம்தான் முடிந்திருந்தது. ஆனால் ஆபீஸில் ஒயர், பல்பு என்று யார் வாயெடுத்தாலும் முதலில் எழுந்து நிற்பவன் நான்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் பாய்லர் ரூமில் ஸ்டீம் வால்வு பிய்த்துக்கொண்டு ஒருவருக்கு இடது கை வெந்துபோனது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஆண்டாப் ஹில்லில் குடியிருந்தார், மூன்று குழந்தைகள். கட்டுப் பிரிப்பதற்குள் கவனக்குறைவு என்று சொல்லி சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ஒரேயடியாக வேலையை விட்டு எடுப்பதா வேண்டாமா என்பது ஃபோர்ட்டில் இருந்த ஹெட் ஆபீஸ் கையில். அவர்கள் ஒரு நாள் செம்பூருக்கு வந்து, பாய்லர்களைப் பற்றி எங்கள் இன்ஜினியர் பேசுவதைக் கேட்பதாக ஏற்பாடு.

இன்ஜினியர் மாட்டுங்காக்காரர். பன்னிரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார், நான் டைப் அடித்தேன். எட்டாம் பக்கத்தில் ஒரு பாரா. வால்வு கெட்டிருப்பதாகப் பல தடவை எழுதிக் கொடுத்தும் மாற்றப்படவில்லை, பணியில் இருந்தவர் மேல் தவறு இல்லை என்று. அதை மேனேஜர் படித்தார். பேனாவால் அந்தப் பாராவை அடித்துவிடுவார் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. "இருந்துவிட்டுப் போகட்டும். நாலு சுவருக்குள்ளேதானே" என்றார். ஹெட் ஆபீஸ்காரர்கள் கேட்டுக்கொள்வார்கள், கேட்டுவிட்டு ஆளையும் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று எனக்குப் புரிந்தது.

கூட்டம் கேன்டீன் ஹாலில். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓடும். இன்ஜினியர் பேசுவது எதிர் நாற்காலிக்குக்கூடக் கேட்காது. மைக் வேண்டும் என்றார்கள். நான் எழுந்து நின்றேன்.

தாராவியில் மைக் செட் வாடகைக்கு விடும் ஒரு அண்ணாச்சி இருந்தார். கல்யாணம், சர்ச்சில் அசன விருந்து, எதுவானாலும் அவர் செட்தான். மதியம் ஒரு மணிக்கு டாக்ஸியில் வந்து இறங்கினார். ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக், மரப்பெட்டியில் ஒரு ஸ்பீக்கர், டிக்கியில் வாய் அகன்ற இரண்டு குழாய் ஸ்பீக்கர்.

"ஏணி இருக்கா தம்பி?" என்றார். காட்டினேன். உள்ளே பெட்டி ஸ்பீக்கரை நான் பார்த்துக்கொள்கிறேன், மற்றதை நீங்கள் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஹாலுக்குள் போனேன். ஸ்பீக்கரை மேடைக்குப் பின்னால் வைத்தேன், 'ஊ' என்று கத்தியது. ஜன்னலோரம் வைத்தேன், அப்போதும் கத்தியது. கடைசியில் மைக்குக்கு முன்னால் கொண்டுவந்து, பெட்டியின் முகத்தைக் கேட்பவர்கள் பக்கம் திருப்பினேன், அடங்கியது. வகுப்பில் சொன்னதுதான். இருந்தாலும் நானே கண்டுபிடித்த மாதிரி இருந்தது. அந்த சந்தோஷத்தில் குழாய்கள் எங்கே போயின என்று பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டரைக்கு இன்ஜினியர் பேச ஆரம்பித்தார். கடைசி வரிசைக்கும் கேட்டது. ஹெட் ஆபீஸ்காரர் ஒருவர் தலையாட்டினார். நான் ஆம்ப்ளிஃபயரைப் பார்க்க வராந்தாவுக்கு வந்தேன். அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இன்ஜினியரின் குரல் ஹாலில் இருந்து வராமல் கேட் பக்கத்திலிருந்து வந்தது. உள்ளே இருந்ததைவிடப் பெரிதாக.

தண்ணீர்த் தொட்டி மேல் இரண்டு குழாயையும் கட்டியிருந்தார். ஒன்று கேட்டைப் பார்த்து, ஒன்று ரோட்டைப் பார்த்து.

"என்ன அண்ணாச்சி, வெளியே பார்த்துக் கட்டியிருக்கீங்க?"

"பின்ன எப்படிக் கட்டுவாங்க? உள்ள இருக்கவன் ஆளையே பாக்கான். வெளிய இருக்கவனுக்குத்தான தம்பி குழாய்."

தாராவியில் அதுதான் முறை. பந்தலுக்குள் வந்தவர்களுக்காக யாரும் குழாய் கட்டுவதில்லை. நானும் எத்தனையோ கல்யாணத்தில் பார்த்ததுதான். ஆபீஸ் கூட்டம் வேறு மாதிரி என்று அவரிடம் சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை.

மூன்று மணி ஷிப்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தொட்டிக்குக் கீழே ஒரு கூட்டம் நின்றது. எடைமேடை குமாஸ்தாவுக்கு ஆங்கிலம் தெரியும். அவர் ஒவ்வொரு வாக்கியமாக ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். ஹிந்தி சரியாக வராத நம் ஆட்களுக்கு லோடர் ஒருவர் தமிழில் சொன்னார்.

"யாருல பேசுதது?"

"நம்ம இன்ஜினியரு."

"போடே. அவரு காதுகிட்ட வந்து பேசினாலே கேக்காது. ரோடு வரைக்குமா பேசுவாரு?"

உள்ளே ஏழாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. டைப் அடித்தவனுக்கு வரி வரியாகத் தெரியும். வராந்தாவுக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, அந்தக் குழாயைக் கழட்டிடுங்க."

"ஓடும்போது கழட்டினா ஆம்ப்ளிஃபயர் புகைஞ்சிரும். அணைச்சுட்டுத்தான் கழட்டணும். அணைக்கவா?"

அணைத்தால் உள்ளேயும் போய்விடும். கழட்டி மறுபடி போடுவதற்குள் எட்டாம் பக்கம் முடிந்திருக்கும், ஹெட் ஆபீஸ்காரர்களுக்குக்கூடக் கேட்காது. அவர் கை சுவிட்சு மேல் இருந்தது.

"சொல்லு தம்பி. அணைக்கவா, வேண்டாமா?"

"வேண்டாம்" என்றேன். ரொம்ப யோசித்துச் சொன்னதாக இப்போது சொல்ல மாட்டேன். யோசிக்க நேரம் இல்லை.

எட்டாம் பக்கம் தொட்டி மேலிருந்து வந்தது. குமாஸ்தா தொட்டியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "வால்வ் கராப் தா" என்றார். லோடர் திரும்பி, "வால்வு கெட்டுக் கெடந்துச்சாம். எழுதியே குடுத்திருக்காங்களாம். அவன் மேல குத்தம் இல்லைங்காரு" என்றார். மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னார்.

மூன்று மணிக்கு சங்கு ஊதியது. யாரும் உள்ளே போகவில்லை. வெளியே வந்த ஷிப்டும் அவர்களோடு நின்றுகொண்டது. கோஷம் எதுவும் இல்லை, நின்றார்கள், அவ்வளவுதான். ஹெட் ஆபீஸ் கார்கள் கேட்டைத் தாண்ட முடியவில்லை. ஐந்து மணிக்குச் சற்றுமுன் சஸ்பென்ஷனை வாபஸ் வாங்கியதாக ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அதையும் நான்தான் டைப் அடித்தேன். அண்ணாச்சி ஒயரைச் சுற்றிக்கொண்டே, "கேக்கலைன்னு யாராச்சும் சொன்னாங்களா தம்பி?" என்று கேட்டார்.

மறுநாள் என்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். இன்ஜினியர் என் மேஜைப் பக்கம் வந்தார்.

"வெளியே கேட்டுதாமே?"

"ஆமா சார்."

"எவ்வளவு தூரம்?"

"பஸ் ஸ்டாப் வரைக்கும் சார்."

சரி என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை பாய்லர் ரூம்காரர் வந்தார். கையில் இன்னும் கட்டு இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு ஒரு காகிதம் தயாராக இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். அவருடைய குடும்ப நிலையை உத்தேசித்து, கருணை அடிப்படையில் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், வேலை இனிமேல் கோடவுனில் என்று இருந்தது.

"கருணையா? யாரு யாருக்குக் காட்டுதது?"

அந்த வார்த்தை இருந்த இடத்தைக் காட்டினேன்.

"அந்த வார்த்தைய அடிச்சிரு தம்பி."

"முடியாதுண்ணே. மேனேஜர் கையெழுத்து ஆயிடுச்சு. நீங்க போடலேன்னா உள்ளே விட மாட்டாங்க."

பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரை அங்கேயே இருந்தார். யாரோ டீ கொடுத்தார்கள், குடித்தார். பிறகு எழுந்து வந்து பேனா கேட்டார். கட்டுப் போட்ட கையால் காகிதத்தை அழுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதோடு நிறுத்தாமல் கீழே தமிழில் மெதுவாக எழுதினார். 'வால்வு கெட்டிருந்தது. நான் சொன்னேன். தப்பு என்னுடையது அல்ல.'

டைம் ஆபீஸ் தலைவர் மராட்டிக்காரர். காகிதத்தை வாங்கிப் பார்த்து, கீழே என்ன எழுதியிருக்கிறான் என்று என்னைக் கேட்டார்.

"ஊர் விலாசம்" என்றேன்.

முத்திரை குத்தி ஃபைலில் வைக்கச் சொன்னார். வைத்தேன். பாய்லர் ரூம்காரர் கோடவுனுக்குப் போனார்.